நகராத வண்டியில் நகுரு அனுப்பிய செவிலியர் கெருபோ அவர்களுக்குப் பணிநிறைவு வாழ்த்து

நின்ற வண்டியில் உட்காரவைத்தே ஒரு பெண்ணை அறுபது கிலோமீட்டர் அனுப்பியவரே! நீங்கள் "மெதுவா மூச்சு விடு" என்றால் நம்மூர் நியாஹுருரு அருவியே ஒரு கணம் நின்று நிதானித்து விழுமாமே! இருபத்தேழு ஆண்டுகள் பதறி வந்தோரைப் பதமாய்த் தேற்றி, மாத்திரை வேண்டியவர்க்கு மாத்திரையும், பேச்சு வேண்டியவர்க்குப் பேச்சும், இரண்டும் வேண்டியவர்க்கு இரண்டும் அளந்தளித்த அன்னையே, வாழிய!

தையற்காரி நியோகாபியை மறப்போமா? வண்டியில் கால் வைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டும், சாவு வந்துவிட்டதென்றே தோன்றும். நகுருவில் தங்கை பெற்ற பெண்ணுக்கு, குல வழக்கப்படி, அவள் பெயரையே வைத்திருந்தார்கள். தன் பெயர்க்காரியை ஒருமுறை மடியில் வைக்க வேண்டும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

"தூங்க ஊசி போட்டு ஏத்தி விட்டுடலாம் சிஸ்டர்" என்றார் மருத்துவர் பராசா.

"அப்போ புள்ளையைக் கனவுலயா பாக்குறது டாக்டர்?" என்றாள் நியோகாபி.

மெல்ல வேலை செய்யும் மாத்திரை தொடரட்டும் என்றீர்கள். மீதி வைத்தியத்தை மட்டாட்டு எனும் சிற்றுந்துகளின் நிலையத்தில் தேடினீர்கள்! பதினான்கு இருக்கையும் நிரம்பாமல் மட்டாட்டு கிளம்பாது. நிரம்புவதாகக் காட்ட நடத்துநர் சிலரை உட்காரவைப்பார். நிஜப் பயணி வந்ததும் அவர்கள் இறங்குவார்கள். அந்த வேலையையே அவளுக்கு மருந்தாக எழுதினீர்கள்! முதலில் கதவோரம், பிறகு கடைசி வரிசை, பிறகு கதவைச் சாத்தி, இன்ஜின் உறும.

"இறங்குறதுக்குன்னே ஏறுற ஆளு நீங்கதாம்மா!" என்று சிரித்தார் நடத்துநர் கிப்டூ.

"வைத்தியம் பாக்கச் சொன்னா பஸ்ஸுக்கு ஆள் புடிக்கிறீங்களே!" என்றார் பராசா.

ஏழாம் வாரம், கூட்டமொன்றுக்கு நகுரு போகப் பதினான்காம் பயணியாய் வந்து நின்றவர் அதே பராசா!

"டாக்டர் வந்துட்டாரு, எறங்குங்கம்மா" என்றார் கிப்டூ.

நியோகாபியின் நெஞ்சு தடதடத்தது. நீங்கள் பழக்கியபடி மூச்சை நீளமாக வெளியே விட்டாள்.

"நடுக்கம் இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கட்டும். இன்னிக்கு நான் நிஜப் பயணி. கதவைச் சாத்துப்பா."

மறுநாள் திரும்பினாள்; தோளில் குழந்தை கக்கிய பால்கறை. அதைத் துவைக்கக்கூட மனம் வரவில்லையாம்!

நலமும் நீளாயுளும் பெற்று, இனி எந்த வண்டியிலும் இறங்கவேண்டாத பயணியாய் அமர்ந்து செல்க!

இங்ஙனம்,
மனநலப் பிரிவு ஊழியர்கள்

கையொப்பமிடுகையில் மருத்துவர் பராசா சொன்னது: "அருவி நின்னதெல்லாம் சுத்தப் புளுகு. ஆனா அந்தம்மா போனது நிஜம். என் சீட்டுலதான் போனாங்க."