பிரசங்கம் முடிவதற்குள்

“அடிமைமுறை ஒழிஞ்சதுக்கு நன்றி சொல்லுற மன்றாட்டை என்னாலை வாசிக்கேலாது, அக்கா. வேறை ஆளைப் பாருங்கோ.”

புலம்பெயர்ந்து வந்த நகரின் கோட்-டெ-நெய்ஜ் வீதிப் பேருந்தில், ஞாயிறு பூசைக்குப் புறப்பட்ட இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். இதைச் சொன்னவர் இளையவர். சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

“அடிமையளா இருந்த பரம்பரையிலை வந்த ஹெயிட்டிச் சனமும் இண்டைக்கு எங்களோடை சேந்து பூசைக்கு வருகுது. கடைசி நேரத்திலை இப்பிடிச் சொன்னால்?”

“மகள் விரும்பின பெடியன் நேற்று வீட்டை வந்தவன். ஊரிலை எந்தப் பக்கம், தேப்பன் ஆர் எண்டு துருவினன். அவன்ரை பூட்டன்மார் எங்கடை வளவிலை அடிமை குடிமையா இருந்தவை. தேத்தண்ணியும் குடுக்காமல் அனுப்பிப்போட்டன்.”

“நீயும் ஒரு வேதக்காரி!”

“அதைத்தான் மகளும் கேட்டவள். ‘ஆண்டவர் விடுதலை தந்தவர் எண்டு கோயிலிலை வாசிப்பியள், வீட்டிலை?’ எண்டு.”

சட்டென்று எழுந்து மணியை அழுத்தினார்.

“எங்கையடி போறாய்? கோயில் இன்னும் வரேல்லை.”

“அவன்ரை வீட்டை. மன்னிப்புக் கேட்டு, கையோடை கூட்டிக்கொண்டு வாறன். அவன் வந்தால்தான் வாசிப்பன். மன்றாட்டு பிரசங்கத்துக்குப் பிறகுதானே, சுவாமியைப் பிரசங்கத்தைக் கொஞ்சம் இழுக்கச் சொல்லுங்கோ.”

“அவருக்கு அதை ஆரும் சொல்லோணுமே?”

கதவு திறந்ததும் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பேருந்துக்குக் கையைக் காட்டியபடி வீதியைக் கடந்து ஓடினார்.