நாலு டிகிரி

இல்ல மேடம், மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல இதைத் திருத்தியாகணும். கெட்டுப்போயிருந்தா நாத்தம் வந்திருக்குமே, மோந்து பாக்கலையான்னு கேட்டீங்க பாருங்க, மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து செஞ்சிட்டு வர்ற மகா தப்பு அது. நாத்தமடிக்கிற கிருமி வேற, ஆளைச் சாய்க்கிற கிருமி வேற. நாறுறவன் யோக்கியன். வாசல்லயே நின்னு, நான் கெட்டவன், கிட்ட வராதேன்னு கத்திடுவான். மத்தவன் நிறம் மாறாம, ருசி குறையாம, வீட்டு மாப்பிள்ளை மாதிரி உள்ள உக்காந்திருப்பான். மூக்கை நம்பி மோசம்போனவங்க பட்டியல் எடுத்தா இந்த ஹால் பத்தாது.

சிரிங்க, பரவால்ல. சமையக்கட்டுல எனக்குப் பட்டப்பேரே வாத்தியார்தான். பதினோரு வருஷமா இங்க தலைமைச் சமையக்காரன். முதலாளி எங்க அக்கா வீட்டுக்காரர், மாமான்னு கூப்பிடுவேன். கல்லாவுல தலையைக் குனிஞ்சிட்டு உக்காந்திருக்கால்ல, அவதான் அக்கா. திரும்பிப் பாக்காதீங்க, எழுந்து உள்ள போயிடுவா. நான் மெதுவாவே பேசறேன்.

வர்றேன் மேடம், மேசையில இருக்கிற அந்த ஃப்ரிட்ஜு நோட்டுக்குத்தான் வர்றேன். கையெழுத்து உங்களுதா, ஆமாவா இல்லையான்னா, ஒத்தை வார்த்தையில சொல்ற பழக்கம் எனக்கு இல்லையே. கொஞ்சம் பொறுங்க.

நடந்தது உங்களுக்கே தெரியும். போன புதன்கிழமை மாடியில ஒரு குழந்தைக்குப் பொறந்தநாள். நாப்பது பேர் சாப்பாடு. பதினாலு பேர் ஆஸ்பத்திரி. அதுல பதிமூணு பேர் வீட்டுக்கு வந்தாச்சு. பொறந்தநாள் குழந்தை மட்டும் இன்னும் வரல. நான் ரெண்டு தடவை போய்ப் பாத்தேன். ரெண்டாவது தடவை அவங்க அப்பா என்னை வாசல்லயே நிறுத்திட்டாரு. அவர் மேல தப்பில்ல.

கோழிதான். முந்தின நாளே வேகவச்சு ஃப்ரிட்ஜுல வச்சது. கைகழுவாம யாரும் தொடல. பச்சைக் கறிக்கு ஒரு பலகை, வெந்ததுக்கு வேற பலகை. மத்த ஓட்டல்ல எல்லாம் உங்க ஃபுட் சேஃப்டி ஜீப்பு தெருமுனையில திரும்பினதும்தான் அத்தனை தலையிலயும் தொப்பி முளைக்கும். கைகழுவுற தொட்டியில வெங்காயம் ஊறும். பச்சைக் கறி மேல்தட்டுல உக்காந்து கீழ்த்தட்டு சாலட் மேல சொட்டிக்கிட்டிருக்கும். என் சமையக்கட்டுல அந்தப் பேச்சே கிடையாது. ஒரே ஒரு நோய்தான். ஃப்ரிட்ஜு.

கதவு ரப்பர் போயிடுச்சு மேடம். மூணு வருஷமா. கதவு சாத்தினா சாத்தின மாதிரி இருக்கும், விரலை விட்டா உள்ள போகும். நாலு டிகிரியில இருக்க வேண்டியது ஒன்பதுல நிக்கும், வெயில் நாள்ல பன்னெண்டு. கிருமிக்கு அது மாமியார் வீட்டு விருந்து. மாமாகிட்ட சொன்னேன். அடுத்த மாசம்னாரு. அடுத்த மாசமும் அடுத்த மாசம்னாரு.

தெரிஞ்சும் ஏன் சமைச்சேன்? கேளுங்க. கேக்கணும். நானே கேட்டுக்கறேன்.

எனக்குச் சண்டை போட வராது. சண்டை போடத் தெரியாதவன் என்ன பண்ணுவான்? எழுதுவான். ஃப்ரிட்ஜு பக்கத்துல ஆணியில ஒரு நோட்டு தொங்கும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தெர்மாமீட்டர் பாத்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒன்பதுன்னா ஒன்பது. பக்கத்துல குறிப்புக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல கதவு ரப்பர் மாத்தணும்னு எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. கடைசி கடைசியா அடிக்கோடு வேற. ஆபீசர் வருவாரு, நோட்டைப் பாப்பாரு, மாமாவைப் பிடிச்சு உலுக்குவாரு, நம்ம வாயால ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லன்னு இருந்தேன்.

ஆபீசர் வந்தாரு. ஒரு தடவை இல்ல, அஞ்சு தடவை. பாத்தாரு, தன் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டாரு, போனாரு. போன வருஷம் சர்டிஃபிகேட்டே கொடுத்தாங்க, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! பன்னெண்டுன்னு எழுதியிருக்கேன், படிக்கத் தெரியாதான்னு உங்க டிபார்ட்மென்டை நான் திட்டாத திட்டு இல்ல. அப்புறம் மெல்ல, படிச்சவங்களே சும்மா போறாங்க, ஒன்பது தாங்கும் போலிருக்குன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. அதை எழுதிக்குங்க. இப்ப உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன், நீங்க தூங்கல.

ஏன்னா நான் எழுதினது உங்களுக்கு வந்ததே இல்ல. நீங்க மேசையில வச்ச இந்த நோட்டை நான் இப்பதான், பத்து நிமிஷத்துக்கு முன்னாடிதான், முதல் தடவையா பாக்கறேன்.

பிரிச்சுப் பாருங்க. நாலு. நாலு. நாலு. மூணு வருஷமும் நாலு. எந்த ஃப்ரிட்ஜு மேடம் அப்படி இருக்கும்? கதவைத் திறந்தா ஏறும், மூடினா இறங்கும், அது உசிரோட இருக்குன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு ஒரு மெஷின் வைப்பாங்களே, அதுல மேடு பள்ளம் இல்லாம நேர்க்கோடு வந்தா என்ன சொல்லுவாங்க? இந்தப் பக்கம் பாருங்க, ரெண்டு நாள் கரன்ட் இல்லாம இருபது கிலோ கறியை நானே கொட்டினேன். அன்னைக்கும் நாலு. இந்தப் பன்னெண்டு நாள் நான் குடலிறக்க ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தேன். பன்னெண்டு நாளும் என் கையெழுத்து. எவ்வளவு கடமை உணர்ச்சி பாருங்க எனக்கு!

என் நோட்டா? பொறந்தநாளுக்கு மறுநாள் பாத்தப்ப ஆணி மட்டும் இருந்துச்சு. ரப்பர் இப்ப புதுசு. மூணு வருஷம் கேட்டு வராதது அன்னைக்கு அரை மணி நேரத்துல வந்துடுச்சு.

ஆபீசர் வந்தா நான் முன்னாடி வரக்கூடாது, அது வீட்டு உத்தரவு. நீ வாயைத் திறந்தா அவரு பொழுது சாஞ்சாலும் எந்திரிக்க மாட்டாரு, நான் காட்டிக்கறேன்னு ஆணியிலேர்ந்து நோட்டைக் கழட்டிட்டுப் போயிடுவாங்க. அதுவும் நியாயம்தானேன்னு விட்டுட்டேன். என் வாய் எனக்குத் தெரியாதா?

மாமாவா? சேச்சே. அவருக்குக் காய்கறிச் சீட்டு எழுதவே நான் வேணும். கையெழுத்துன்னா ஒரு கோடு, ஒரு புள்ளி. இது கைதேர்ந்த வேலை. இந்தக் கடைசி இழுப்பைப் பாருங்க, மேல போகுது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி கத்தி பட்டு இந்த விரல்ல நரம்பு போச்சு, அதுலேர்ந்து என் இழுப்பு கீழதான் விழும். கொடுங்க பேனாவை, போட்டே காட்டறேன். பாத்தீங்களா? இது என் பழைய கையெழுத்து. என்னைச் சின்னதுலேர்ந்து பாத்தவங்க மனசுல இருக்கிற கையெழுத்து.

நான் ஏழாங் கிளாஸ்ல கணக்குல பதினெட்டு மார்க் வாங்கினேன். எங்க அப்பா தோலை உரிச்சிடுவாரு. ரிப்போர்ட் கார்டுல அவர் கையெழுத்தை, அவரே பாத்தா தன்னுதுன்னு ஒத்துக்கற மாதிரி போட்டுக் கொடுக்க வீட்டுல ஒரு ஆள் இருந்துச்சு. அதுக்காகக் கால்ல விழுந்து கும்பிட்டிருக்கேன் மேடம்.

நேத்து என் ரூமுக்கு வந்தா. நாளைக்கு ஒரு அம்மா வருவாங்க, ஒரு நோட்டைக் காட்டுவாங்க, கையெழுத்து உன்னுதுன்னு மட்டும் சொல்லிடுடா தம்பி, வேற எதுவும் பேசாதேன்னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. என் நோட்டுல என் கையெழுத்து இல்லாம பின்ன யாருதுன்னு கேட்டேன். சத்தியம் பண்ணுன்னா. பண்ணினேன். பொய்யா நாலுன்னு எழுதினவன் நான், அந்தக் குழந்தைக்கு ஆனதுக்கும் நான்தான் பொறுப்புன்னு ஆகறதுக்குத்தான் அதெல்லாம்னு இப்ப இந்த மேசையில உக்காந்துதான் புரியுது. அதான் இத்தனை நேரம் கிருமிக்கதை பேசிக்கிட்டிருந்தேன். கோச்சுக்காதீங்க.

சரி, எழுதிக்குங்க. காதுல விழட்டும், சத்தமாவே சொல்றேன். இது என் கையெழுத்து இல்ல. இது எங்க அக்கா போட்டது.

கரன்ட் போகல மேடம். விளக்கு எரியுதே. நம்ம தலைக்கு மேல இருக்கிற ஃபேன் மட்டும்தான் நின்னுடுச்சு. அதோட ஸ்விட்ச் கல்லாப் பக்கம் இருக்கு.