சிலிண்டருக்குள் வைத்த ரொட்டி

நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருவர். ஜன்னலோரத்தவரின் மடியில், மரம் அறுக்கும் மெசினின் சிலிண்டர் துவாயில் சுற்றிக் கிடந்தது.

"லேத்துக்காரரு சிலிண்டர் அடியக் கூடுதலா சீவிட்டாரு மச்சான். பிஸ்டன் மேல போய் இடிக்குது. நாளைக்கு மரம் வெட்டணும், அதான் திருப்பி அவருகிட்டயே கொண்டுபோறேன்."

"பிஸ்டனுக்கு மேல இருந்த இடைவெளிய நீதானே அளந்து குடுத்த?"

"உள்ள வச்சு நசுக்கி அளக்க ஈயக்கம்பி கிடைக்கல. அதுக்குப் பதிலா ரொட்டி மாவ வச்சு நசுக்கி எடுத்தேன்."

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"பச்ச மாவயா கொண்டுபோன?"

"வழியில நசுங்கிடும்னு தோசக்கல்லுல சுட்டுக் கொண்டுபோனேன்."

"அடேய், சுட்டா ரொட்டி தடிக்காதா? இடைவெளி கூடன்னு நெனச்சு அவரு சீவியிருப்பாரு."

கம்பளை தாண்டும்போது ஜன்னலோரத்தவர் துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றினார். மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

"சரி, இப்ப லேத்துக்காரருகிட்ட அந்த ரொட்டிய மறுபடி காட்டி, சுட்டதுன்னு சொல்லு. அவரு மேல தப்பில்லன்னு தெரியட்டும்."

"அன்னிக்குத் திரும்பிப் போற பஸ் வர லேட்டாச்சு மச்சான். தேங்காச் சம்பல்கூட இல்லாம அதத் தின்னுட்டேன்."