ரயிலோரத்து ஊடு

இல்லீங்கக்கா, முன்னால இருக்கற ஊடு எனக்கு வேண்டாமுங்க. இந்தப் பொறவால ஊடே போதும். ஏனுங்க, எதுக்கு அந்தச் சாவியையே மறுக்கா மறுக்கா எடுக்கறீங்க? நாந் தெரிஞ்சுதான் கேக்கறேன். ரயில் ரோட்டுக்கும் இந்தச் செவுத்துக்கும் நடுவால ஒரு முள்ளு வேலிதான் இருக்குதுன்னு எனக்குங் கண்ணு தெரியுதுங்க.

சிரிங்க, சிரிங்க. சூரமங்கலத்துல குடி வாரவங்க அத்தனை பேரும் ரயிலுக்கு அக்கட்டால ஊடு இருக்குதான்னு கேட்டு அலையறாங்க, இவ ஒருத்தி ரயிலை அடுப்படிக்கே உடச் சொல்றாளேன்னு நெனைக்கறீங்க. நெனைச்சுக்குங்க. ஊடு குடுத்தாச் சரி.

என்ற பேரு சௌந்திரமுங்க. திருச்செங்கோட்டுக்கு மேக்கால ஒரு காட்டூரு. மூணாங் கிளாசு வரைக்கும் போனேன், அப்பறம் எருமை மேய்க்க ஆளில்லைன்னு நிறுத்திப்போட்டாங்க. அவுரு பேருங்களா? ஐயோ, அதை நா எப்புடீங்க சொல்றது? நாட்டை ஆளறவரு யாருங்க? ஆமா, அவுருதான். அவுரையே மடியில வெச்சுக் கொஞ்சுனா எப்புடிக் கூப்புடுவீங்க? ஆங், அதேதான்! ராசுன்னு நீங்கதான் சொன்னீங்க, நாஞ் சொல்லலை. செவ்வாப்பேட்டை மண்டியில மூட்டை எடை போடறாருங்க.

நீங்க இதைக் கேப்பீங்கன்னு தெரியுமுங்க. வேலை செவ்வாப்பேட்டையில, ஊடு சூரமங்கலத்துலயா, அத்தனை தூரம் தெனம் நடக்கறதான்னு. நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானுங்களே. அவுருக்கு வவுறு வேற முன்னால வந்துக்கிட்டு இருக்குது. பொய்யில்லீங்க. சரி, வவுறு நெசம், மத்தது கொஞ்சம் பொய்யி.

ஏனுங்கக்கா, அடுத்த வண்டி எப்பங்க வரும்? இல்லை, சும்மாத்தான் கேட்டேன். இன்னும் அரை மணி ஆகுமுங்களா? சரி, சரி.

பாப்பாளைக் கூப்புடாதீங்க, வரமாட்டா. புளியங்கொட்டை கையில கெடைச்சிருச்சுன்னா அவளுக்கு ஒலகமே வேண்டாம். கண்ணாத்தான்னு பேருங்க. எங்க மாமியாளுக்கும் அதே பேரு, அதனால வாயில சொல்றதில்லை, சாமீன்னு கூப்புட்டுக்கறது. ரெண்டரை வயசு முடிஞ்சுது. கோவக்காரிங்க. நீங்க வளையலை ஆட்டுனாலும் திரும்ப மாட்டா. உடுங்க, வெளையாடட்டும்.

இதுக்கு முன்னால எங்கன்னுங்களா? குகைப் பக்கம் ஒரு லைன் ஊடு. பதினோரு கதவு, பதினொண்ணும் ஒரே மாதிரி பச்சை. எட்டு மாசத்துக்கு முந்தி அங்க குடி போன கதையைக் கேட்டீங்கன்னா இந்த ஊட்டை இனாமாவே குடுத்துருவீங்க. கேளுங்க.

நல்ல நேரம் ஒம்போது மணிக்குள்ளன்னாங்க. சொம்புல பாலு, மொறத்துல உப்பு, மஞ்சளு, எல்லாம் எடுத்துக்கிட்டு நா முன்னால வாரேன், அவுரு பொறவால பொட்டியும் பாப்பாளுமாத் தூக்கிக்கிட்டு வாராரு. நாலாவது கதவுன்னு சொல்லியிருந்தாங்க. நா எந்தப் பக்கமிருந்து எண்ணோணும்னு யாருஞ் சொல்லலையே! மேக்கால இருந்து எண்ணிப்போட்டேன். கதவு தொறந்துதான் கெடந்துச்சு. வலது காலை வெச்சு உள்ள போனேன். அடுப்பு, வெறகு எல்லாம் தயாரா இருக்குது. பரவாயில்லையே, ஊட்டுக்காரம்மா எத்தனை நல்ல மனசுன்னு நெனைச்சுக்கிட்டு மஞ்சள்ல புள்ளையாரு புடிச்சு வெச்சேன், அடுப்பைப் பத்த வெச்சேன், பாலை ஊத்துனேன். கெழக்கால பாத்துப் பொங்குச்சு பாருங்க, அப்புடியொரு பொங்கு. கண்ணை மூடிக் கும்புட்டுப்போட்டுத் தொறந்தா, வாசல்ல ஒரு பொம்பளை, இடுப்புல தண்ணிக் கொடம். யாருடி நீ, எங்கூட்டு அடுப்புல என்ன பண்றேன்னு கேக்குது.

அப்பவெல்லாம் நா பேசவே மாட்டேனுங்க. நெசமாத்தான். கலியாணமான புதுசுல எங்கூட்டுக்காரரு, பொண்ணுக்கு வாயிருக்குதான்னு எங்கண்ணனைக் கூப்புட்டு விசாரிச்சாரு. அப்புடிப்பட்டவளைப் பாத்து யாருடீன்னா நா என்னத்தைச் சொல்றது? ஒரு டம்ளர்ல பாலை ஊத்தி அந்தம்மா கையில குடுத்துட்டேன். அதுவுங் கொடத்தை எறக்கி வெச்சுப்போட்டு நெதானமாக் குடிச்சுப்போட்டு, சக்கரை பத்தலைன்னுச்சு!

அவுரு அக்கட்டால நெசமான நாலாவது கதவுல பொட்டி மேல குக்கிக்கிட்டு, இவளை யாரோ புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு பதறிக்கிட்டு இருக்கறாரு. மறுக்கா பாலு காச்சலாம்னா நல்ல நேரம் முடிஞ்சு போச்சு. பொங்குனது பொங்குனதுதான், ஒரு குடிக்கு ரெண்டு தடவை காச்சக் கூடாதுன்னுட்டாங்க. அன்னீலிருந்து அவுருக்கு ஒரே பாட்டுங்க. பல்லு வலிச்சாலும் அதுக்கும் நாந்தான் காரணம்பாரு. பாலு பொங்குன எடத்துலதான் குடித்தனம் நிலைக்கும், நீ எவ ஊட்லயோ பொங்க வெச்சேல்லன்னு.

ஏங் காலி பண்றோம்னுங்களா? அதாங்க, கெணத்துல உப்புத் தண்ணி. ஆமா, இங்கயும் உப்புத்தான். அது வேற உப்பு. அக்கம்பக்கத்துப் பேச்சு ஒத்து வரலைன்னு வெச்சுக்குங்களே.

அவுரு முன்னூட்டைத்தான் பேசி முடிக்கச் சொன்னாரு, நா மறைக்கலை. போன வெள்ளிக்கெழமை வந்தப்ப நீங்களும் பாத்தீங்களே. இந்த ஊட்டுக்குள்ள காலை வெச்சாரு, கூட்சு வண்டி வந்துச்சு, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனவரு வேப்ப மரத்துக்கிட்டத்தான் நின்னாரு. எருமை கூட அப்புடி ஓடி நா பாத்ததில்லை.

முந்தி இருந்தவங்க ஒம்போது நாள்ல ஓடிப் போயிட்டாங்களா? அட்டாலியில அடுக்கி வெச்ச சட்டி ஏனமெல்லாம் நடந்து வந்து கீழ உளுந்துருச்சா? நல்லதுதானுங்களே, எட்டி எடுக்கற வேலை மிச்சம். கரி பறந்து துணி கருத்துப் போகுமா? அவுருக்கு இருக்கறதே ரெண்டு வேட்டி. அது மண்டியில மொளகாத் தூசியில செவக்கறதுக்கு இங்க கருக்கட்டும். இல்லீங்கக்கா, நாங்க ஓட மாட்டோம். வருசம் முழுக்க இருப்போம். பத்து வருசம் வேணும்னாலும் இருக்கறேன். எந் தாலி மேல சத்தியமா. ஏங் கையைப் புடிக்கறீங்க? சத்தியந்தானுங்க பண்ணுனேன்.

ஆடி கழிச்சு யோசிக்கலாம்னு சொல்லாதீங்க. நாளைக்கு ஆடி பொறக்குதுன்னு தெரிஞ்சுதான் இன்னிக்கே வந்தேன். இன்னிக்கு உட்டா ஒரு மாசம் குடி வர முடியாது. அதுக்குள்ள உங்க மனசு மாறிரும், இல்லீன்னா அவுரு வேற ஊட்டைப் புடிச்சுருவாரு. பாருங்க, பாலு கூட வாங்கிக்கிட்டு வந்துட்டேன். இந்தத் துணி மூடுன சொம்பு அதுதான். தண்ணின்னு நெனைச்சீங்களா?

என்னை ஒரு மாதிரியாப் பாக்கறீங்க. இந்தப் பொண்ணுக்குப் புத்தி கித்தி...

சித்தெ இருங்கக்கா.

இல்லை, சித்தெ பேசாம இருங்க. அங்க பாருங்க. பாப்பாளைப் பாருங்க. கொட்டையை உட்டுப்போட்டா பாத்தீங்களா? கையைத் தரையில வெச்சுட்டா. ரெண்டு கையையும். கன்னத்தையும் வெக்கறா பாருங்க.

வண்டி வருதுங்க.

உங்களுக்குக் கேக்கலையா? எனக்குந்தான் கேக்கலை. அரை மணி ஆகலைதான். இருந்தாலும் வருதுங்க. இருங்க. இருங்க.

இப்பக் கேக்குதுங்களா? இப்பத்தானுங்க எனக்குங் கேக்குது!

என்னங்க? என்ன சொல்றீங்கன்னு தெரியலீங்க! சத்தமாச் சொல்லுங்க! ஆமாங்க, சிரிக்கறா! அவதான் சிரிக்கறா! எந்திரிச்சுப் போயிச் செவுத்துல காதை வெச்சுக்கிட்டு! ஏனம் இருந்தா உளுந்துதான் இருக்குமுங்க! பரவாயில்லீங்க!

போயிருச்சு. எத்தனை பொட்டிங்க? நாப்பது இருக்குமா?

ஒண்ணுமில்லீங்க, கண்ணுல கரி உளுந்துருச்சு.

அவளுக்குக் காது கேக்காதுங்கக்கா. பொறந்ததுல இருந்தே. அம்மான்னு ஒரு சொல்லு இன்னும் வரலை. தாய்க்காரி வாய் பேசாதவ, அதான் புள்ளையும் பேசலை, நீ ஓயாமப் பேசு, கேட்டுக் கேட்டு வந்துரும்னு ஊர்ல சொன்னாங்க. அன்னைக்குப் புடிச்சுப் பேசறேன். அடுப்புக்கிட்டப் பேசறேன், ஆட்டுக்கல்லுகிட்டப் பேசறேன், வெங்காயம் உரிச்சா ஒவ்வொரு தோலுக்கும் ஒரு கதை சொல்றேன். அவளுக்கு வர வேண்டிய பேச்செல்லாம் எனக்கு வந்துருச்சு, அவளுக்குத்தான் வரலை. லைன் ஊட்ல ஊமைச்சி ஊமைச்சீன்னு புள்ளைங்க பின்னாலயே வந்துச்சுங்க. அதாங்க அந்த உப்புத் தண்ணி.

எதுக்கும் திரும்பாதவ போன வெள்ளிக்கெழமை இதே எடத்துல தரையில படுத்துக் கெடந்தா. அவுங்கப்பா ஓடுறதுக்கு முந்தி, நீங்க வண்டி வருதுன்னு சொல்றதுக்கு முந்தி, இவ எந்திரிச்சு ஒக்காந்து என்னையப் பாத்துச் சிரிச்சாளுங்க. அவுருகிட்டக்கூட இன்னுஞ் சொல்லலை. ஒருக்காப் பாத்ததை எப்புடிச் சொல்றது? என்ற ஆசைதான் கண்ணுல தெரிஞ்சுதோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு நீங்களும் பாத்தீங்கல்ல? நீங்களும் பாத்தீங்கல்லக்கா? அது போதும், இன்னைக்குச் சொல்லிப்போடுவேன்.

எங்களுக்கெல்லாம் முன்னால அவளுக்குத் தெரியற ஊடு இது ஒண்ணுதானுங்க.

உங்களுக்கும் ஒத்தாசைதான். நீங்க கொடியில துணி காயப் போட்டா, பாப்பா தரையில கையை வெச்சதும் ஓடி வந்து சொல்றேன், கரி வர்றதுக்குள்ள எடுத்துப்போடலாம்.

இந்தச் சாவிங்களா? இல்லீங்க, அது முன்னூட்டுச் சாவி. ஆங், இதுதான். நல்லா இருப்பீங்க.

அடுப்பு எந்தச் செவுத்தோரமுங்க? ரயில் பக்கமா? நல்லதாப் போச்சு. சீக்கிரம் பத்த வெச்சுரலாம். அவுரு வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள பாலு பொங்கிருச்சுன்னா அப்பறம் மாத்தச் சொல்ல அவுராலயே முடியாது. பொங்குன எடத்துலதான் குடித்தனம்னு எட்டு மாசமா அவுருதானுங்களே பாட்டுப் படிச்சுக்கிட்டு இருக்கறாரு.

நீங்களும் இருந்து ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டுப் போங்கக்கா. இந்தத் தடவை சக்கரை நெறையாக் கொண்டாந்திருக்கறேன்.