ஒரு நம்பர் கீழே

உங்கள் நாற்காலியின் ஒரு கால் கட்டை. அட்டையை மடித்து அடியில் வையுங்கள், ஆடாது. லாரிப் பட்டறையில் நாற்பது வருஷம் பாகம் எடுத்துக் கொடுத்தவன் நான். ஆடுகிற பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வைத்துவிட்டீர்களா? இனி எழுதுங்கள்.

நான் படித்தது ஐந்தாவது வரை. ஆனால் நம்பரில் என்னை ஒருத்தனும் ஏமாற்றியதில்லை. பாகத்தின் பேர் ஒன்றாக இருக்கும், நம்பர் ஒன்று தள்ளி இருக்கும். சேராத பாகத்தால் ஆபத்தில்லை. மாட்டவே மாட்டாது, வண்டி நகராது. சேருகிற தப்புப் பாகம்தான் பொல்லாதது. வண்டி ஓடும். ஒரு நாள் இறக்கத்தில் பிரேக் கைவிடும்.

மனைவி போனபின் வீட்டில் நானும் மகளும்தான். முப்பத்தோரு வயதிலும் அவள் எனக்குப் பாப்பா. தினமும் காலையில் என் மூக்குக்கண்ணாடியை வாங்கி, ஊதி, துடைத்துத் தருவாள். அப்புறம் மாப்பிள்ளை வந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. என் வீட்டுக்கூடத்திலேயே ஒரே மேஜை. ஆஸ்பத்திரியில் மூச்சு குறைந்தால் அடிக்கிற எச்சரிக்கை மணிக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதினார்கள். ஒரு நாள் காலையில் அவள் அவன் கண்ணாடியை வாங்கித் துடைத்தாள். என்னுடையது ஜன்னல் ஓரத்தில் அப்படியே கிடந்தது. மறந்திருப்பாள். மறுநாளும் மறந்தாள்.

வேலையைப் பற்றிக் கேட்டபோது அவள்தான் சொல்லித் தந்தாள். "எல்லாத்தையும் நாங்களே எழுதறதில்லப்பா. வெளியில எவனோ எழுதினதுக்கு லைப்ரரின்னு பேரு. இந்தப் பட்டியல்ல அதோட பேரும் நம்பரும் போட்டா, பில்ட் ஓடும்போது, அதாவது எல்லாத்தையும் கோத்து ஒண்ணாக்கும்போது, அதுவே போய் எடுத்துட்டு வந்து சொருகிக்கும். உங்க பட்டறை மாதிரிதான்."

"எவனோ எழுதினதையா? யாருன்னே தெரியாம?"

"ஆரம்பிச்சுட்டீங்களா."

பட்டறை மாதிரிதான் என்றால் எனக்குத் தெரியாதா? அவர்கள் சாப்பிட எழுந்த சமயம், அவன் கம்ப்யூட்டரில் ஒரு நம்பரை இல்லாத நம்பராக மாற்றினேன். பில்ட் சிவப்பாக நின்றது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். சேமித்து வைத்த லைப்ரரிகளையெல்லாம் அழித்துத் திரும்ப இறக்கினான். எது எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று வம்சாவளி மாதிரி ஒன்றைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு நாள் போச்சு.

"பட்டியலைக் கடைசியா தொட்டது நீங்கதானே? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்றாள் பாப்பா.

அவன் என்னைப் பார்த்து, "மாமா, உங்க பட்டறையில பேய் வந்து நம்பரை மாத்துமா?" என்றான்.

"பேயெல்லாம் வராது மாப்பிள்ளை. தூங்குமூஞ்சிங்கதான் வருவானுங்க."

பாப்பா சிரித்துவிட்டாள். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூன்று தடவை பலித்தது. நாலாவது தடவை, சிவப்பைப் பார்த்ததுமே நேராகப் பட்டியலுக்குப் போய் ஒரே நிமிஷத்தில் சரிசெய்தான். அவளும் அவன் தோளில் கை வைத்துச் சிரித்தாள். சிவப்பால் இனிப் பிரயோஜனமில்லை. பச்சையாக ஓடுகிற தப்பு ஒன்று வேண்டும்.

அதையும் அவள்தான் சொன்னாள், என்னிடம் இல்லை, அவனிடம். மணியை அடிக்க வைக்கிற லைப்ரரியின் ஏழாம் நம்பரில் ஓட்டை இருக்கிறது. தொடர்ந்து இரண்டு நாள் ஓடினால் மணி ஊமையாகிவிடும். எட்டில்தான் சரிசெய்திருக்கிறார்கள், எட்டையே போடுங்கள் என்று. நான் செய்தித்தாள் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

எட்டை ஏழாக்கினேன். அன்று அவனே பட்டியலில் ஏழெட்டு வரி மாற்றியிருந்தான்; என்னுடையதும் அதோடு கலந்துவிட்டது. பில்ட் பச்சை. சோதனைகளும் பச்சை. ஆனால் சோதனை ஒன்றுகூட இரண்டு நாள் ஓடாதே. அவன் பேரில் ஆஸ்பத்திரிக்குப் போனது.

மணி ஊமையானபோது பதினோராம் கட்டிலில் இருந்தது ஆறு வயசுப் பிள்ளை என்று செய்தித்தாளில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மணி அடிக்கும் என்று நம்பி நர்ஸ் அடுத்த அறைக்குப் போயிருக்கிறாள். நம்பியது அவள் பிழை. நான் எதையும் நம்புவதில்லை.

மாப்பிள்ளையை நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, "அசதியில நானே மாத்தியிருப்பேன் மாமா" என்று என்னிடமே சொல்லி அழுதான். கெட்டவன் இல்லை. தண்ணீர் கொடுத்தேன்.

இனி பாப்பா என்னோடு இருப்பாள் என்று நினைத்தேன். இருக்கிறாள். ஆனால் புதன்கிழமை வந்தால் விடியும் முன்பே குளித்து, தலைவாரி, அவனுக்கு வெளுத்த சட்டை மடித்து எடுத்துக்கொண்டு சிறைக்குக் கிளம்பிவிடுகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற அவன் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுக்கிறாளாம். அவளே சொன்னாள். வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்க்க அவளுக்கு எந்தக் கிழமையும் இல்லை.

ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்றே எழுதிக்கொள்ளுங்கள். குற்றமில்லாதவன் உள்ளே இருக்கக்கூடாது. எட்டை ஏழாக்கியது நான். பிள்ளையைக் கொன்றது நான். கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பெற்ற மகள் பார்க்க வருவதற்கும் அதே புதன்கிழமைதானே? கண்ணாடி துடைத்து நாளாகிறது.