பெரியாயியின் அசேலியாவும் என் அரக்கு முத்திரையும்

என் பேச்சு நீண்டுவிடும் என்று அஞ்சி, கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் புஹாரி அவர்களே! பதுளைத் தமிழர் பூந்தோட்டச் சங்கத்தின் பழுத்த பெரியோர்களே! பண்டாரவளையின் பனியையும் வெலிமடையின் வெயிலையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் பண்பாளர்களே! மடுல்சீமை மலையிலிருந்து இறங்கி வந்து, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் தோட்டத்து மக்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! தாய்மார்களின் நடுவே, நான் ஏதாவது உளறினால் முறைப்பதற்கென்றே வந்திருக்கும் என் மனைவி வடிவம்மா அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன். கடைசியில் சொன்னவரைச் சற்று அதிகமாகவே வணங்குகிறேன்.

ஆண்டுக்கு இருமுறை அசேலியாவைப் பூக்க வைப்பது எப்படி? இதுவே எனக்குத் தந்த தலைப்பு. இதைப் பேச இந்தப் புடவைக்கடைச் சிதம்பரநாதனுக்கு என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? தகுதி உண்டு, ஐயா! இரண்டு அசேலியாக்களைக் கொன்றவன் நான். மூன்றாவதை மொட்டையடித்தவனும் நானே!

முதல் செடியை முழங்கை ஆழத்தில் நட்டேன். மேல்மண்ணிலேயே மெல்லப் படரும் மென்மையான வேர் அதற்கு. தூர் மண்மட்டத்துக்கு ஒரு விரல்கடை உயர்ந்தே நிற்க வேண்டும். நானோ புதையலைப் போலப் புதைத்தேன். மழை பெய்தது, நீர் தேங்கியது, வேர் அழுகியது, கதை முடிந்தது.

இரண்டாவது செடி பொங்கலுக்குப் பலியானது. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். சுவருக்கு அடித்தேன், கிணற்றுக்கு அடித்தேன், மிச்சமிருந்த சுண்ணாம்பைத் தொட்டிக்கும் அடித்தேன். அத்தோடு விட்டேனா? அடுப்புச் சாம்பலை அள்ளி உரமென்று போட்டேன். அசேலியா புளித்த மண்ணில் வாழும் செடி. தேயிலை நிற்கும் மண்ணில் மகிழ்ந்து நிற்கும். சுண்ணாம்பும் சாம்பலும் பட்டால் இலை மஞ்சளாகிச் சாகும். யாரது அங்கே சிரிப்பது? முத்தையாவா? உன் வீட்டுத் தொட்டி என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை என்றா நினைக்கிறாய்?

மூன்றாவது பிழைத்தது. சித்திரையில் பூத்தது. ஆனால் ஆவணி தோறும் நான் கத்தரியை எடுத்து, கோயில் லட்டைப் போல உருண்டையாகக் கத்தரித்து அழகு பார்த்தேன். ஐப்பசியில் ஒரு பூவும் இல்லை. அதைக் கண்டு என் பேரறிவு ஒரு பெருமுடிவுக்கு வந்தது: அசேலியா ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். என் வீட்டில் பூக்காதது எவர் வீட்டில் பூத்துவிடும்?

இந்த அறிவோடுதான், சென்ற ஆண்டு ஐப்பசியில், இதே மண்டபத்தில் நடந்த பூக்காட்சிக்கு நடுவராக நின்றேன். மடுல்சீமையில் கொழுந்து பறிக்கும் பெரியாயி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஓர் அசேலியாவைத் தலையில் சுமந்து வந்தார். செடி முழுக்கப் பூ! "சித்திரையிலயும் பூத்துச்சுங்க, இப்பவும் பூத்துருக்கு" என்றார். நான் பூவைத் தொட்டுப் பார்த்தேனா? இல்லை. கிளையைக் குனிந்து பார்த்தேனா? இல்லை. முதுகை நிமிர்த்தி, குரலை உயர்த்தி முழங்கினேன்: "இது பொய்! துரை பங்களாவில் பறித்த பூவை நூலால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்!"

நீங்களும் கைதட்டினீர்கள். என்னை மட்டும் அப்படிப் பார்க்காதீர்கள்.

பெரியாயி தகரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நான் வீட்டுக்குப் போய் இட்லி தின்றேன். ஆனால் நான் சொன்ன சொல் எனக்கு முன்னே மலையேறிவிட்டது. அன்று தொட்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அவருக்குப் 'பூத்திருடி' என்று பெயர். ஓராண்டு! மழையிலும் பனியிலும் கூடையோடு வரிசையில் நின்று, தன் பெயருக்குப் பதிலாக அந்தச் சொல்லைக் கேட்டார்.

இந்த ஆண்டு சித்திரையில் அவரே என் கடை வாசலில் வந்து நின்றார். "மொதலாளி, செடி பூத்துருக்கு. வந்து பாருங்க. ஐப்பசியிலயும் வந்து பாருங்க. ரெண்டையும் பார்த்துட்டு அப்பறமா பொய்யின்னு சொல்லுங்க."

ரோஷம் வந்தது எனக்கு. வண்டி கட்டினேன். வண்டி ஏறாத இடத்தில் நடந்தேன். அட்டைகள் எனக்கு அன்பான வரவேற்பு அளித்தன. அவர் குடியிருக்கும் லயத்து வீட்டின் முன்னே பூவோடு நின்ற செடியில், ஒன்பது கிளைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் நூல் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி, என் கடை முத்திரையைக் குத்தினேன். ஒரு கிளையை மாற்ற முடியாது, ஒரு செடியை மாற்ற முடியாது!

பெரியாயி பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏங்க மொதலாளி, செடிக்கு வெலங்கு மாட்டுறீங்களா?"

"ஆமாம். உண்மை தெரிய வேண்டாமா?"

"மாட்டுங்க. நுனிய மட்டும் விட்டுருங்க, நான் கிள்ளணும். பூ உதிர்ந்ததும் கொழுந்து கிள்ளுற மாதிரி கிள்ளிவிட்டா ஒன்னு மூணாத் துளுக்கும். ஆடி பொறந்துட்டா நகம் படக் கூடாதுங்க. மொட்டு உள்ளார வந்து உக்காந்துருக்கும்."

ஆடியில் உட்கார்ந்த மொட்டை ஆவணியில் கத்தரித்தவன், அங்கே நின்று அரக்கை ஊதிக்கொண்டிருந்தேன். தாய்மார்களே, எழுதிக்கொள்ளுங்கள்: இலைமக்கு, காலை வெயில், மதிய நிழல், ஓட்டைத் தகரம், ஆடி வரை ஓயாத நகம். இவ்வளவுதான் வித்தை!

இதோ, மேசைமேல் அந்தச் செடி! ஒன்பது முத்திரைகளையும் அவைத்தலைவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டார். ஒன்றும் உடையவில்லை. ஏழு கிளைகளில் பூ, எண்ணிப் பாருங்கள்! மற்ற இரண்டு? நான் இறுக்கிக் கட்டியதால் பட்டுப்போயின. அவற்றையும் என் கொலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெருமக்களே! பொய் சொன்னது யார்? பெரியாயியா? பூவா? நான்! நடுவர் நாற்காலியில் அமர்ந்து, நாக்கூசாமல் பொய் சொன்னது நான்! வெட்கப்படுகிறேன்.

இன்று காலை, செடியோடு இந்த மண்டபத்துக்கு வந்தவரிடம், இந்த ஆண்டின் பரிசான வெள்ளிக்கிண்ணம் அவருக்கே என்று சொல்லப் போனேன். "மேடையில் உங்களிடம் மன்னிப்பும் கேட்பேன்" என்றேன், பெருந்தன்மையோடு. அவர் சிரித்தார்.

"கிண்ணத்தக் குடுங்க, வாங்கிக்கிறேன். மன்னிப்ப இங்க கேட்டு என்னாங்க செய்ய? இங்க யாரும் என்னயத் திருடின்னு கூப்பிடலியே. பெரட்டுல வந்து சொல்லுங்க."

கைதட்டாதீர்கள்! சென்ற ஆண்டும் இப்படித்தான் தட்டினீர்கள். நாளை திங்கட்கிழமை. விடியற்காலையில் மடுல்சீமைப் பெரட்டுக் களத்தில் நான் நிற்பேன். கங்காணி பேர் கூப்பிடும்போது, அத்தனை பேர் காதிலும் விழ, என் பொய்யை நானே சொல்வேன். அன்று கைதட்டியவர்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். இரவே புறப்பட வேண்டும்; ரோட்டில் வண்டிகள் தயார்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. புஹாரி அவர்களே, கடிகாரத்தை எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள். அன்று முதலில் கைதட்டியது நீங்கள்தான். பெரியாயி அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.