நல்லம்மாள் அக்காவின் நூற்று முப்பத்தொரு கேசட்

ஃபேன் சத்தம் தொந்தரவா இருந்தா சொல்லுங்க தம்பி, நிறுத்திடறேன். உங்கம்மா பேசும்போதெல்லாம் நிறுத்திடுவேன். இல்லேன்னா கேசட்டுல ஏறிடும்.

மான்செஸ்டர்லேருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லிடறேன். அறுபத்தெட்டு வயசாச்சு, எனக்கும் அலுத்துப்போச்சு லா.

முதல்ல உங்கம்மா குரலைப் போட்டிருக்கிற அந்த வெப்சைட். கேசட்டெல்லாம் பூசணம் பிடிக்க ஆரம்பிச்சுது, அதனால கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். எல்லாத்தையும் ஒரே ஃபைலா போட்டா டெலிபோன் லைன்ல அது இறங்க நாள் கணக்காகும். தனித்தனியா போட்டா நூத்தி முப்பத்தொரு தடவை அமுக்கணும், யாரு அமுக்குவா? செராஸ்ல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கிற சோலையப்பன்தான் வழி சொன்னாரு. "டொமினிக் அண்ணே, எல்லா ஃபைல் பேரையும் எழுதி சின்னதா ஒரு லிஸ்ட் பண்ணிடுங்க. ஒரு தடவை அமுக்கினா போதும், ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா வரும்." அப்படித்தான் பண்ணினேன், கம்ப்யூட்டரையே லிஸ்ட் போட விட்டேன். தேதி வரிசைப்படி.

அங்கதான் தப்பு நடந்துபோச்சு. அதுக்கு வரேன்.

எழுபத்தெட்டுல உங்கம்மா, நல்லம்மாள் அக்கா, முதல் தடவை பிரிக்பீல்ட்ஸ்ல இருந்த என் கேசட் ரெக்கார்டிங் கடைக்கு வந்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க வந்து பேசுவாங்க, நான் பதிஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புவேன். தபால்ல தொலைஞ்சா திரும்ப அனுப்ப ஒரு காப்பி வெச்சுக்குவேன், அது எங்க பழக்கம். பதில் கேசட்டும் கடை விலாசத்துக்கே வரும், இங்கயே கேட்டுட்டுப் போவாங்க. நீங்க நர்ஸ் படிப்புக்குப் போயிருந்தீங்க. மாசம் தவறாம வந்து பின்ரூம்ல உட்காருவாங்க.

"அய்யாவு, சாப்டியாப்பா?" அப்படின்னுதான் ஆரம்பம். கேட்டுட்டுச் சும்மா இருப்பாங்க. நீங்க பதில் சொல்றதுக்கு இடம் விடுவாங்க. அப்புறம், "குளிருக்கு சட்டை போட்டிருக்கியா?" மறுபடியும் இடம் விடுவாங்க. டேப் வீணாகுதேன்னு ஒரு தடவை சொன்னேன். "அவன் பேச வேணாமா தம்பி?" அப்படின்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் டேப்பை அப்படியே ஓட விட்டுடுவேன்.

மெஷினுக்குப் பின்னாடி உட்கார்ந்து, அந்த இடத்துல நான் மனசுக்குள்ள பதில் சொல்லுவேன். சாப்டேன்மா. போட்டிருக்கேன்மா. கான்வென்ட் அனாதை விடுதில வளர்ந்தவன் நான். இதையெல்லாம் என்கிட்ட யாரும் கேட்டதில்ல.

பதினேழு கேசட்டை ஒழுங்கா அனுப்பினேன். அப்புறம் உங்க கேசட் ஒண்ணு வந்துச்சு. வெள்ளைக்காரப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், கோவிச்சுக்காதம்மா, உனக்கு டிக்கெட் எடுத்து அனுப்பறேன், இங்கயே வந்துடுன்னு பேசியிருந்தீங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி நானே போட்டுக் கேட்டேன். போயிட்டா அடுத்த மாசம் யாரு வருவா? கேசட்டை அலமாரில வெச்சேன். அவ்வளவுதான் தம்பி, பெரிசா யோசிக்கல.

"ஏதாச்சும் வந்துச்சா தம்பி?" அப்படின்னு கேட்டாங்க. "இல்லையே அக்கா," அப்படின்னேன். அதுக்கப்புறம் அவங்க பேசினதையும் நான் அனுப்பல. அனுப்பினா விஷயம் வெளிய வந்துடுமே. அம்மாவுக்குக் கோவம்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. இன்னும் நாலு கேசட் அனுப்பிட்டு விட்டுட்டீங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

பதினோரு வருஷம் வந்தாங்க. ஆஸ்பத்திரில கிடந்த ஒரு மாசம்தான் வரல. மழையில நனைஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க, கால் வீங்கி நொண்டிக்கிட்டு வந்திருக்காங்க. "என் புள்ளைக்கு நான் என்ன குறை வெச்சேன்?" அப்படின்னு ஒரு தடவை மைக் முன்னாடியே அழுதாங்க. நூத்தி நாலாவது கேசட். மனசு கேக்கல. மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

எண்பத்தொன்பது ஜனவரில போயிட்டாங்க. பக்கத்து வீட்டு புஷ்பவல்லி, "பையனுக்குத் தந்தி அடிங்க அங்கிள்," அப்படின்னு விலாசம் கேட்டு வந்துச்சு. தெரியாதுன்னுட்டேன். கொள்ளி போட ஆளில்லாம நின்னாங்க. நான்தான் போட்டேன். கிறிஸ்தவன் போடலாமான்னு யாரும் கேக்கல.

அந்தக் குரல் என்னோட போயிடக் கூடாதுன்னுதான் வெப்சைட்ல போட்டேன். யாரோ சொல்லி நீங்களும் கேட்டிருக்கீங்க. பதினேழு முடிஞ்சதும் உங்க குரலே வந்திருக்கு. உங்க அஞ்சு கேசட்டையும் அதே ஃபோல்டர்லதான் ஏத்தி வெச்சிருந்தேன், பேர்ல போட்டிருந்த தேதியைப் பார்த்து கம்ப்யூட்டர் அதையும் லிஸ்ட்ல சேர்த்துடுச்சு. நான் சரி பார்த்திருக்கணும்.

ஆமாம். உங்கம்மாவை உங்ககிட்ட வரவிடாம வெச்சிருந்தது நான்தான். போலீஸ்ல சொல்லணும்னா வரேன், சட்டை மட்டும் மாத்திக்கிறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்க தம்பி. உங்க குரலை மட்டும் லிஸ்ட்லேருந்து எடுத்துடறேன். நானும் அம்மாவும் பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல வருது.